படைவீட்டிலிருந்து பள்ளிக்கு: ராசம்மா பூபாலன்

(சாமளாபுரம் இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர்க்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியனை நிலத்தோடும் மலையோடும் நிறைகோலோடும் மலரோடும் ஒப்பிடுகிறார். பவணந்தியாரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புபடுத்தும் வழக்கு ஒன்று உண்டாதலின், நொய்யற்கரையில் கூடிய ஓர் அவையில் அந்த நான்கு உவமைகளையும் முன்வைத்துத் தொடங்குவது பொருத்தமே ஆகும். நிலம் பொறுமைக்கும் உழைப்பின் அளவுக்கு ஏற்பப் பயன் தரும் தன்மைக்கும் உவமை. மலை அசையாமைக்கும் வறட்சியிலும் வற்றாது வழங்கும் வண்மைக்கும் உவமை. நிறைகோல், அதாவது துலாக்கோல், ஐயம் நீக்குதலுக்கும் நடுநிலைக்கும் உவமை. மலரோ முகமலர்ச்சிக்கு உவமை.

இந்நான்கும் அமைந்தவனே ஆசிரியன் என்கிறது நன்னூல். 'ஆசிரியன்' என்ற அந்த ஆண்பால் ஈறு கவனத்திற்குரியது. ஆசிரியப் பணி ஆணுக்கே உரியது என்று எண்ணிய காலத்தின் இலக்கணம் அது. போர்த்தொழிலும் அவ்வாறே எண்ணப்பட்டது. இவ்விரண்டு எண்ணங்களையும் தம் வாழ்வால் மாற்றி எழுதிய ஒரு தமிழ்ப் பெண்மணியைப் பற்றியது இவ்வுரை. பதினாறு வயதில் படையில் சேர்ந்து, போர் முடிந்தபின் பள்ளிக்குத் திரும்பி, வரலாறு கற்பித்து, ஆசிரியைகளின் உரிமைக்காக வாதாடியவர் அவர். மலேசியத் தமிழர் நன்கறிந்த அப்பெயர் தமிழகத்தில் அதிகம் ஒலிக்கவில்லை. அவர் ராசம்மா பூபாலன்.

ஈப்போவின் மகள்

மலாயாவின் பேராக் மாநிலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் ஈப்போ. அங்கே 1927ஆம் ஆண்டு மே முதல் நாளில், இலங்கைத் தமிழ் மரபில் வந்த ஒரு கிறித்தவக் குடும்பத்தில் ராசம்மா பிறந்தார். இலங்கைத் தமிழர் பலர் அந்நாளில் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரிய மலாயாவுக்குச் சென்றவர்கள். தமிழகத்திலிருந்து சென்றோரிற் பெரும்பாலோர் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். ஒரே மொழி பேசினும் இவ்விரு பிரிவினருக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. ஒருசாராரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். மற்றொரு சாராரின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியே எல்லை. பெண்பிள்ளைகளில் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆளப்பிறந்தவர் என்று தம்மைக் கருதிக்கொண்ட வெள்ளையர் எழுபதே நாட்களில் சரணடைந்ததைக் கண்ட மக்களின் உள்ளத்தில், பேரரசு என்பது என்றும் நிலைப்பது என்ற நம்பிக்கை உடைந்தது. ஆங்கிலப் பள்ளிகளின் பாடம் நின்றது. பாடநூலில் படித்த வரலாறு வேறாகவும் வீதியில் நடந்த வரலாறு வேறாகவும் இருந்த காலம் அது.

புறநானூற்றுத் தாயும் ஈப்போத் தாயும்

1943 சூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போசு சிங்கப்பூர் வந்தார். ஒரு வாரத்திற்குள் பெண்களுக்கெனத் தனிப்படை அமைப்பதாக அறிவித்தார். அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று சிங்கப்பூரில் மருத்துவம் செய்துவந்த இலட்சுமி சுவாமிநாதன். படைத் துணைத்தலைமைப் பொறுப்பு வகித்த சானகி தேவர், பின்னாளில் சானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டவர். சேரும்போது வயது பதினெட்டு. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ராசம்மாவும் அவர்தம் அக்கா பொன்னம்மாவும் தாயின் இசைவோடு இப்படையில் சேர்ந்தனர். இங்கே புறநானூறு நினைவுக்கு வருதல் இயல்பு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முன்னைப் போர்களில் உறவினரை இழந்தும், தன் ஒரே மகனின் கையில் வேல் கொடுத்துப் போர்க்களம் நோக்கி அனுப்பினாள். மூதின்முல்லை என அத்துறைக்குப் பெயரும் உண்டு. சங்கத் தாய் அனுப்பியது மகனை. 1943இல் ஈப்போத் தாய் ஒருத்தி அனுப்பியது மகளிர் இருவரை. இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ் மரபில் இது ஒரு பெரும் திருப்பம். எனினும் இதனைப் பாடுதற்கு ஒரு மாசாத்தியார் அன்று இல்லை.

படையில் சேர்ந்தோரின் எண்ணிக்கை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சில நூறு என்பாரும் ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உளர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், அவர்களிலும் பலர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இந்திய மண்ணை ஒருமுறையும் காணாதவர் பலர். காணாத நாட்டின் விடுதலைக்காகக் கூந்தலைக் கத்தரித்துக் காக்கி உடை அணிந்து துப்பாக்கி ஏந்தினர். முகாமில் வழக்குரைஞர் வீட்டு மகளும் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளும் ஒரே வரிசையில் நின்றனர். ஒரே பந்தியில் உண்டனர். கல்வியும் செல்வமும் பிரித்துவைத்த இருசாராரைப் பயிற்சித்திடல் ஒன்றாக்கியது. ராசம்மாவின் பிற்கால வாழ்வை விளக்கும் திறவுகோல் இங்கே கிடைக்கிறது எனலாம். சமத்துவம் என்ற சொல்லை அவர் நூலில் படித்ததற்கு முன்னரே வரிசையில் நின்று வாழ்ந்து பார்த்தார்.

பின்வாங்கிய பாதை

பயிற்சி முடித்தோரிற் பலர் 1944இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்டனர். ராசம்மாவும் பொன்னம்மாவும் அவர்களுள் இருந்தனர். போர்முனையில் நேரடியாகச் சுடும் வாய்ப்பு அப்படைக்கு வரவில்லை. இம்பால் முற்றுகை தோல்வியில் முடிந்தது. மழையும் பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் துப்பாக்கியைவிட மிகுதியாகக் கொன்றன. காயமுற்றோரையும் நோயுற்றோரையும் பேணுவதே ராணிகளின் பெரும்பணி ஆயிற்று. வீரம் என்பது கொல்லுதல் அன்று, பிறரைச் சாவாமற் காத்தலும் ஆகும் என்ற பாடத்தைப் பதினேழு வயதில் கற்றவர்கள் அவர்கள்.

1945 ஏப்ரல் 24ஆம் நாள் நேதாஜி, ராணிப்படையினர் ஒரு பிரிவினரோடு ரங்கூனைவிட்டுப் புறப்பட்டார். பகலில் வானூர்திகள் தாக்கும் என்பதால் இரவில் நடந்தனர். சிட்டாங் ஆற்றைக் கடந்தனர். காலில் கொப்புளங்கள் எழுந்தும் பெண்கள் நடக்கும்போது தாம் வண்டியில் ஏற நேதாஜி மறுத்தார் என்பது அப்பயணத்தில் உடன் வந்தோர் பதிவு செய்த செய்தி. மோல்மீனை அடைந்தபின் பாங்காக் நோக்கி ரயிலில் சென்றனர். பர்மாவிலிருந்து திரும்பிய வேறொரு பிரிவினர் சென்ற ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு ராணிகள் உயிர்நீத்தனர்.

மோல்மீன் பகுதியிலிருந்து சயாமுக்குச் செல்லும் அந்த ரயில்பாதை எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவே சயாம் மரண ரயில்பாதை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளரையும் கொண்டு அமைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்திழுத்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்டனர். போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழரிற் பெரும்பாலோர்க்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. 1957இல் வந்து உலகப் புகழ்பெற்ற குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. எந்தத் தோட்டத்திலிருந்து தந்தையும் அண்ணனும் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டனரோ, அதே தோட்டத்திலிருந்து தங்கை சப்பானியரின் நட்புப் படையாகிய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தாள். இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? படையில் சேர்ந்தால் மரண ரயிலிலிருந்து தப்பலாம் என்று சேர்ந்தோரும் உண்டு. உண்மையான விடுதலை வேட்கையால் சேர்ந்தோரும் உண்டு. இரண்டும் ஒரே நெஞ்சில் கலந்திருந்ததும் உண்டு. வீரவழிபாட்டில் இவ்வினாவை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் நன்றி ஆகாது. இவ்வினாவைக் காரணமாகக் காட்டி அப்பெண்களின் துணிவைச் சிறுமைப்படுத்தலும் நேர்மை ஆகாது. மாண்ட தமிழரின் எலும்புகள் மீது அமைந்த பாதையிலேயே தோற்ற படையின் தமிழ்ப் பெண்கள் திரும்பி வந்தனர். தமிழர் வரலாற்றில் இதைவிடத் துயரமான ஒரு பயணத்தைக் காணுதல் அரிது.

வரலாறு கற்பித்தவர்

போர் முடிந்தபோது ராசம்மாவுக்கு வயது பதினெட்டு. படை கலைக்கப்பட்டது. ஆங்கிலேயர் மீண்டும் ஆள வந்தனர். தோற்ற தரப்பில் நின்ற ஒரு பெண்ணுக்கு அன்று வெளிப்படையான பெருமை எதுவும் காத்திருக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று ஆசிரியப் பணியை மேற்கொண்டார். எழுபதுகளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். 1983இல் தோன்றிய கோலாலம்பூர் மெதடிஸ்ட் கல்லூரியின் தொடக்க காலத்தில் அதன் முதல்வராகவும் பொறுப்பு வகித்தார்.

போர் கண்டவர் வகுப்பறைக்கு வருவது உலகெங்கும் நிகழ்ந்த ஒன்று. அல்ஜியர்சு நகரில் ஏழைகள் வாழ்ந்த பகுதியொன்றில் லூயி ஜெர்மேன் என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு மீண்டவர். அவர் வகுப்பில் அல்பேர் காம்யு என்னும் சிறுவன் படித்தான். காம்யுவின் தந்தை அதே போரில் 1914இல் காயமுற்று இறந்தவர். போரில் தப்பிய ஆசிரியர், போரில் தந்தையை இழந்த பிள்ளைக்குக் கட்டணமின்றித் தனிப்பாடம் சொல்லி, வேலைக்கு அனுப்ப எண்ணிய பாட்டியிடம் பேசி, உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பிவைத்தார். 1957இல் நோபல் பரிசு பெற்றபோது காம்யு தாய்க்கு அடுத்து நினைத்தது இந்த ஆசிரியரையே. அவருக்கு எழுதிய நன்றிக் கடிதம் இன்று உலகறிந்தது. பரிசுப் பேருரை நூலையும் அவருக்கே உரிமையாக்கினார்.

ஜெர்மேன் வகுப்பில் போர் நாவல் ஒன்றைப் படித்துக் காட்டியதாகக் காம்யு தம் இறுதி நாவலில் எழுதியுள்ளார். இறந்த தோழர்களுக்குத் தாம் பட்ட கடனை அப்பிள்ளைகளிடம் அவர் தீர்த்தார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. போரிலிருந்து மீண்டவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. பழம்பெருமை பேசிக் காலங்கழித்தல் ஒன்று. மீண்ட உயிரை இன்னொருவர் உயர்வுக்குச் செலவிடுதல் மற்றொன்று. லூயி ஜெர்மேனும் ராசம்மா பூபாலனும் இரண்டாம் வழியைத் தேர்ந்தவர்கள்.

நிறைகோல்

பவணந்தியார் கூறிய நான்கு உவமைகளில் ராசம்மாவின் வாழ்வுக்கு மிகவும் பொருந்துவது நிறைகோல். நிறைகோலுக்கு ஆண் பெண் தெரியாது. எடை மட்டுமே தெரியும். ஆனால் அக்கால மலாயாவின் ஊதிய முறைக்கு ஆண் பெண் தெரிந்திருந்தது. ஒரே தகுதி, ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே நேரம். எனினும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியம். திருமணம் செய்துகொண்டாலோ நிரந்தரப் பணியாளர் என்ற நிலையே பறிபோகும் சூழல் இருந்தது. குடும்பப் பொறுப்பு கூடும்போது பணிப் பாதுகாப்பு குறைந்தது.

1960இல் ராசம்மா பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். சம வேலைக்குச் சம ஊதியம் என்பதே அதன் முதன்மைக் கோரிக்கை. பொதுவான ஆசிரியர் சங்கங்கள் இருக்கப் பெண்களுக்குத் தனிச்சங்கம் எதற்கு என்ற கேள்வி எந்நாட்டிலும் எழுவது உண்டு. பொதுச்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் பெண்ணின் ஊதியம் கடைசி வரியில் நிற்பதே அதற்கு விடை. அறுபதுகளின் முடிவில் மலேசிய அரசுப் பணியில் சம ஊதியக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அது ஒருவர் பெற்றுத் தந்த வெற்றி அன்று. பல சங்கங்களும் பல பெண்களும் சேர்ந்து பெற்றது. அவ்வணியின் முன்வரிசையில் நின்றவர் ராசம்மா.

1963இல் உருவான தேசிய மகளிர் அமைப்புகள் மன்றத்தின் முன்னோடிகளுள்ளும் அவர் ஒருவர். அம்மன்றம் தோன்றிய ஆகஸ்டு 25ஆம் நாளே மலேசியாவில் மகளிர் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. இனத்தாலும் சமயத்தாலும் பிரிந்த மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஒரே குடைக்கீழ் வந்த அமைப்பு அது. சிங்கப்பூர் முகாமின் ஒற்றை வரிசை இங்கே வேறு வடிவில் மீண்டும் தோன்றிற்று எனக் கூறின் மிகையாகாது. மலேசிய அரசியலமைப்பின் எட்டாம் பிரிவில் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டலாகாது என்ற சொல் 2001இல்தான் இடம்பெற்றது. ஒரு சொல் சட்டத்தில் ஏற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இச்செய்தி கடல்கடந்த நாட்டுச் செய்தி மட்டும் அன்று. சாமளாபுரத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் நாள்தோறும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் செல்லும் பெண்கள் எத்தனையோ பேர். கைமடிப்பதும் பிசிர் வெட்டுவதும் செக்கிங் பார்ப்பதும் பேக்கிங் செய்வதும் பெரிதும் அவர்கள் கைகளே. குறைந்த கூலி உள்ள வேலைகள் எவையோ அவையே பெண்களின் வேலைகளாக இருப்பதும், ஒரே வேலைக்கும் கூலி வேறுபடுவதும் இவ்வட்டாரம் நன்கறிந்தவை. இந்தியாவில் 1976இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. சட்டத்தின் தட்டும் சனிக்கிழமைச் சம்பளத்தின் தட்டும் சமமாக நிற்கின்றனவா என்பதை ஒவ்வொரு கூலி உறையும் சொல்லும். நிறைகோல் என்ற உவமை பாயிரத்தில் மட்டும் படிக்கத் தக்கது அன்று.

இலக்கியத்தின் கடன்

தமிழ் இலக்கியம் இப்போரை எழுதாமல் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அப்போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழில் நிலைநிறுத்திய நாவல். அதன் மையத்தில் நிற்பவன் பாண்டியன் என்னும் இளைஞன். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 1993இல் 'சயாம் மரண ரயில்' நாவலைத் தந்தார். அ. ரெங்கசாமியும் அக்காலத் துயரை நாவலாக்கினார். இவை போற்றத்தக்கவை. எனினும் தோட்டத்திலிருந்து படைவீட்டிற்குச் சென்று, படைவீட்டிலிருந்து மீண்டும் தோட்டத்திற்கே திரும்பிய பெண்ணை மையமாகக் கொண்ட ஒரு பெருங்காப்பியத்தைத் தமிழகம் இன்னும் படைக்கவில்லை.

ராசம்மாவுக்குக் கல்வி இருந்தது. ஆகவே அவர் வரலாறு 2007இல் அருணா கோபிநாத் எழுதிய நூலாயிற்று. இலட்சுமிக்கும் சானகிக்கும் புகழ் வந்தது. கல்வியில்லாத தோட்டத்துப் பெண், பயிற்சித்திடலில் அவர்களுக்கு இணையாக நின்றவள், காக்கியைக் களைந்து மறுநாள் விடியற்காலையில் மீண்டும் பால்வாளியைத் தூக்கினாள். சமமாக நின்ற வரிசை போர் முடிந்ததும் கலைந்தது. நினைவுகூரும் வரிசையிலும் அவள் இடம்பெறவில்லை. வரலாற்றின் நிறைகோல் சாய்ந்து நிற்பது இவ்விடத்தில்தான்.

இவ்வட்டத்தில் கவிஞர்கள் பலர் உளர். விழாக் கவியரங்குகளில் தலைவர்களைப் பாடுதல் எளிது, கைதட்டலும் உறுதி. பெயர் தெரியாதவரைப் பாடுதல் அரிது. ஆயின் சங்கப் புலவர் நடுகல்லைப் பாடியது, மன்னரை மட்டுமே பாடுதல் போதாது என உணர்ந்ததால் அன்றோ? ஆநிரை மீட்டு மாண்ட சிற்றூர் மறவனுக்கும் கல் நட்டுப் பெயர் பொறித்த மரபு தமிழ் மரபு. ஸ்டெல்லாவும் ஜோசபினும் அம்மரபின்படி நடுகல்லுக்கு உரியவர்கள். மரண ரயில் பாதையில் புதையுண்ட பெயரற்ற தமிழரும் உரியவர்கள். கல் நடுவது அரசின் கையில் உள்ளது. சொல் நடுவது புலவர் கையில் உள்ளது.

ஆசிரியர் ஒருவரைப் போற்றும் முறை அவர் படத்துக்கு மாலையிடுவது மட்டும் அன்று. அவர் தொடங்கிய பாடத்தை நிறைவு செய்வதும் ஆகும். ராசம்மா பூபாலன் நடத்திய பாடத்தின் பெயர் சமம். படைவரிசையில் கற்று, வகுப்பறையில் கற்பித்து, சங்க மேடையில் அவர் வாதாடிய அப்பாடம் இன்னும் முடியவில்லை. பவணந்தியாரின் நூற்பாவில் உள்ள ஆண்பால் ஈற்றை மாற்ற இயலாது. ஆனால் நிலமாகவும் மலையாகவும் நிறைகோலாகவும் மலராகவும் வாழ்ந்த ஆசிரியைகளை அந்நூற்பாவின் உரையில் எடுத்துக்காட்டாகச் சேர்த்தல் இயலும். தமிழ் கற்பிப்போர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் அதனைச் செய்தல் வேண்டும்.